ஒரு அச்சு எத்தனை வார்ப்பு தாங்கும்?

கேள்வி, 9 ஜூன் 2024

அண்ணா, எச்.ஓ. அளவில், அதாவது நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு மாடலாக, பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலையின் பழைய ரக ரயில் பெட்டிகள் ஆறு செய்துகொண்டிருக்கிறேன். பெட்டிக்கு இரண்டு போகி, போகிக்கு இரண்டு பக்கச் சட்டம், ஆக 24 சட்டம் வேண்டும். பிளாஸ்டிக் தகட்டில் ஒன்றைக் கையால் செய்து முடிக்கவே 11 நாள் ஆகிவிட்டது. இன்னும் 23 செய்வதற்குள் கண் போய்விடும். சிலிகான் அச்சு எடுத்து ரெசின் ஊற்றினால் ஒரே அச்சில் நூறு எடுக்கலாம், வாஸ்லின் தடவினால் போதும் என்று தெரிந்தவர் ஒருவர் அடித்துச் சொல்கிறார். நிஜமா?

9 ஜூன், இரவு

நூறெல்லாம் வராது. சொன்னவரிடம் அவருடைய நூறாவது வார்ப்பைக் காட்டச் சொல். பாலியூரித்தேன் ரெசின் என்றால் ஒரு அச்சு 20, 25 தாங்கும். வழுவழுப்பான எளிய வடிவம் என்றால் 40 கூடப் போகும். உனக்கு வேண்டியது 23தான். ஒரு அச்சு போதும், இறங்கு.

10 ஜூன்

நேற்று எழுதியதை வாபஸ் வாங்குகிறேன். தம்பி அனுப்பிய படத்தைக் காலையில் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். ஒரு அச்சு போதாது. இப்படியே ஊற்றினால் பத்தே அதிகம்.

ஐ.சி.எஃப். போகியின் பக்கவாட்டில் என்ன இருக்கிறது பார். சக்கரத் தண்டின் (ஆக்சில்) முனையைத் தாங்கும் ஆக்சில் பாக்ஸ் ஒவ்வொன்றின் இருபுறமும் ஒரு சுருள் வில். நடுவில், பெட்டியின் பாரம் உட்காரும் குறுக்குச் சட்டமான போல்ஸ்டரைத் தாங்கும் பெரிய வில்கள். அவற்றின் பலகையைத் தொங்கவிடும் ஹேங்கர்கள். தம்பி செம்புக் கம்பியை ஊசியில் சுற்றி நிஜமான சுருளே வைத்திருக்கிறான். அழகுதான். ஆனால் அந்தச் சுருளுக்கும் பின்னாலிருக்கும் சட்டத்துக்கும் நடுவே முடி கனத்துக்கு ஓர் இடைவெளி இருக்கிறதே, சிலிகான் அதற்குள்ளும் போகும். போய், மறுபக்கம் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும். மாஸ்டரை, அதாவது கையால் செய்த மூல உருவை, வெளியே எடுக்கும்போது ஒன்று கம்பி பிய்யும், இல்லையென்றால் சிலிகான் பிய்யும்.

அச்சு சாவது இந்த மாதிரி இடத்தில்தான். வெளிச்சுவர் வருடக்கணக்கில் நன்றாக இருக்கும். உள்ளே மெல்லிய நாக்கு மாதிரி நீண்டிருக்கும் பகுதிதான் முதலில் அறும். அப்புறம் ரெசின் ஒவ்வொரு முறையும் சூடாகி இறுகுவதால் உட்புறத்து வழவழப்பு காய்ந்துபோய், வார்ப்பு மங்கலாக வர ஆரம்பிக்கும். அதன்பின் ஒட்டும், அதன்பின் கிழியும். என் கணக்கு நோட்டில் ஒரு பேட்டரிப் பெட்டி அச்சு 38 வரை போயிருக்கிறது, ஒரு பஃபர் அச்சு 6-இல் போய்ச் சேர்ந்திருக்கிறது. இரண்டும் ஒரே டப்பா சிலிகான்.

அதே நாள், மதியம்

போகி என்றால் ரயில் பெட்டிதானே, அதற்கு ஏன் சட்டம் என்று வீட்டில் கேட்டார்கள். இங்கே படிப்பவர்களுக்கும் அந்தச் சந்தேகம் வரலாம். நம் ஊரில் முழுப் பெட்டியையே போகி என்று சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையில் பெட்டிக்கு அடியில் சக்கரங்களைத் தாங்கித் திரும்பும் வண்டிதான் போகி. இதில் இன்னொரு தொல்லை: மோல்டுக்கும் அச்சு என்கிறோம், ஆக்சிலுக்கும் அச்சு என்கிறோம். இங்கே அச்சு என்றால் மோல்டு. ஆக்சில் ஆக்சிலாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

14 ஜூன்

மாஸ்டரைப் பழுது பார்ப்பது பற்றிக் கேட்டிருந்தாய்.

வில்லுக்குப் பின்னால் இருக்கும் இடைவெளியை எம்-சீலோ புட்டியோ வைத்து அடைத்துவிடு. பெட்டிக்கு அடியில், நிழலில், 87-இல் ஒரு பங்கு அளவில் அந்த இடைவெளியை யாரும் பார்க்கப்போவதில்லை. கறுப்புப் பெயின்ட்டை நீர்க்கக் கரைத்து வழியவிட்டால் இருப்பது போலவே தெரியும். ஒளித்து வைக்க முடிந்ததை அச்சில் எடுக்காதே.

சட்டத்தின் முதுகைத் தட்டையாக வை. தட்டையாக இருந்தால் இரண்டு பாதி அச்சு வேண்டாம், திறந்த அச்சே போதும். ஆக்சில் முனை உட்காரும் குழியை அப்புறம் துளைத்துக்கொள்ளலாம்.

ஒரு கோட் பிரைமர் அடித்து வெயிலில் சாய்த்துப் பார். சிலிகானுக்குக் கண் ரொம்பக் கூர்மை. என் முதல் பேட்டரிப் பெட்டியில் என் கட்டைவிரல் ரேகை பதிந்திருந்தது. 38 பெட்டியிலும் அதே ரேகை.

15 ஜூன்

ஹார்டுவேர் கடையில் விற்கும் பாத்ரூம் சிலிகான் டியூப் ஆகாதா என்று ஒருவர் தனியாகக் கேட்டார். ஆகும், ஆகாது. என்னுடைய முதல் அச்சே அதுதான். ஒரு சோப்பு டப்பா நிறையப் பிதுக்கிவிட்டு மூன்று நாள் காத்திருந்தேன். மேலே தோல் கட்டியிருந்தது, அறுத்துப் பார்த்தால் உள்ளே பழைய வெண்ணெய் மாதிரி அப்படியே இருந்தது. அது காற்றிலுள்ள ஈரத்தை வாங்கி வெளியிலிருந்து உள்ளே இறுகும் சரக்கு. கனமாக ஊற்றினால் உள்ளே ஈரம் எட்டாது.

வினிகர் வாடை அடிக்கும் ரகம் என்றால் கான்ஃபிளவர் மாவு சேர்த்துப் பிசையலாம். அரை மணி நேரத்தில் மொத்தமாக இறுகிவிடும். தட்டையான சின்ன உருவத்தின் மேல் அமுக்கி எடுக்க நல்லது. ரிவெட் வரிசைக்கு அதை நம்பாதே. ஜப்பானிலிருந்து ஓயுமாரு என்று ஒரு குச்சி வருகிறது. வெந்நீரில் போட்டால் இளகும், ஆறினால் இறுகும், வேலை முடிந்ததும் மறுபடி உருக்கிக்கொள்ளலாம். ஒன்றிரண்டு எடுக்க அதுவே போதும். 24-க்கு அல்ல.

23 ஜூன்

தம்பி பிளாட்டினம் சிலிகான் வாங்கி, 3டி பிரிண்ட் எடுத்த பேட்டரிப் பெட்டி மேல் ஊற்றியிருக்கிறான். இரண்டு நாளாகியும் பெட்டியை ஒட்டிய இடமெல்லாம் பிசுபிசுப்பு. வெளியே நன்றாக இறுகியிருக்கிறது. கலவை விகிதம் தப்போ என்று கேட்கிறான்.

விகிதம் தப்பில்லை. நம் வேலைக்கு ஆர்.டி.வி. சிலிகானில், அதாவது அறை வெப்பத்திலேயே இறுகும் சிலிகானில், இரண்டு சாதி. தகரத்தில் இறுகுவது ஒன்று: இதற்கு நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு கேட்டலிஸ்ட் (இறுக வைக்கும் திரவம்). பிளாட்டினத்தில் இறுகுவது மற்றது: பெரும்பாலும் சரிபாதி, சிலது பத்துக்கு ஒன்று. பிளாட்டினம் ஏறக்குறைய சுருங்கவே சுருங்காது, ஆனால் ஏகப்பட்ட தீட்டு பார்க்கும். கந்தகம் ஆகாது, அதனால் சில களிமண் ரகங்களும் ரப்பர் கையுறையும் ஆகாது. தகர சிலிகான் கலக்கிய அதே குச்சி பட்டால்கூட ஆகாது. சரியாக இறுகாத 3டி ரெசின் அறவே ஆகாது.

பிரிண்ட்டை ஐ.பி.ஏ.வில் (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) நன்றாகக் கழுவி மொட்டை மாடியில் வடகம் காயும் இடத்தில் இரண்டு நாள் போடு. புரட்டிப் புரட்டிப் போடு. அப்புறம் கிளியர் லாக்கர் இரண்டு கோட். அப்படியும் நம்பாமல், தெரியாத ஓர் ஓரத்தில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்துவிட்டு ஊற்று. இவ்வளவு பாடு வேண்டாம் என்றால் தகரத்துக்கே வந்துவிடு. நான் இன்னும் தகரம்தான்.

24 ஜூன்

"தகரமே மேல்" என்று நான் சொன்னதாக எடுத்துக்கொண்டுவிட்டார்கள். சொல்லவில்லை. என் மாஸ்டர் எல்லாம் பிளாஸ்டிக் தகடு, எனக்குத் தகரம் போதும். அதில் சுருக்கம் உண்டு, அதைப்பற்றி அப்புறம் எழுதுகிறேன். கேட்டலிஸ்டைக் கண்ணளவில் விடாதே. 50 கிராமுக்கு 3 சதவீதம் என்றால் 1.5 கிராம். சமையலறைத் தராசு அதைக் காட்டாது. நகை எடை போடும் சின்னத் தராசு வாங்கு. சீக்கிரம் இறுகட்டும் என்று கூடுதலாக விட்டால் அச்சு இன்னும் சுருங்கும், ஆயுளும் குறையும்.

30 ஜூன்

எவ்வளவு கலக்குவது என்று தெரிய, பெட்டியில் மாஸ்டரை வைத்து அரிசி கொட்டி அளந்துகொள் என்று எங்கோ எழுதியிருந்தேன். தம்பி அந்த அரிசியை எடை போட்டு, 40 கிராம் வந்ததால் 40 கிராம் சிலிகான் கலக்கியிருக்கிறான். பாதி வில் வெளியே நிற்கிறது.

தப்பு என்னுடையது. எடை போடாதே, கொள்ளளவைப் பார். இடைவெளி விட்டுக் கிடக்கும் அரிசி ஒரு மில்லிக்கு 0.8 கிராம் சொச்சம்தான் இருக்கும். சிலிகான் 1.1-க்கு மேல். 40 கிராம் அரிசி கிட்டத்தட்ட 50 மில்லி இடம், அதற்கு 55 கிராமாவது சிலிகான் வேண்டும். இப்போது அவசரப்படாமல் இன்னொரு 20 கிராம் கலக்கி மேலேயே ஊற்று. சிலிகான் சிலிகானோடு ஒட்டும். நடுவில் ஒரு கோடு தெரியும், அவ்வளவுதான்.

அரிசியைக் கழுவிச் சோறாக்கினாயா என்பது எனக்குத் தெரிய வேண்டாம்.

7 ஜூலை

ஊற்றும் விதம். முதலில் பழைய பிரஷ்ஷால் மாஸ்டர் முழுக்க மெல்லியதாகப் பூசு. வில்லின் இடுக்குகளில் குத்திக் குத்திப் பூசு. மீதியை டீக்கடைக்காரர் ஆற்றும் உயரத்திலிருந்து நூல் கனத்துக்கு விடு. ஒரே மூலையில் விழட்டும். தானாகப் பரவி மாஸ்டர் மேல் ஏறட்டும். நூலாக இழுபடும்போது காற்றுக் குமிழிகள் உடைந்துவிடும்.

பெட்டிக்குப் பிள்ளைகளின் பிளாஸ்டிக் கட்டைகள் வசதி. ஆனால் சந்துகளைச் செலோடேப் போட்டு வெளிப்பக்கம் அடை. ஒரு நாள் இரவு நான் அடைக்கவில்லை. காலையில் பெட்டி காலி, மேசை விளிம்பிலிருந்து தரைவரை ஒரே வழியல். தரையில் இறுகியதை உரித்தெடுத்தபோது மொசைக்கின் ஒவ்வொரு புள்ளியும் அச்சு அசலாகப் பதிந்திருந்தது. என் வாழ்நாளில் எடுத்த மிகத் துல்லியமான அச்சு அதுதான்.

21 ஜூலை

முதல் வார்ப்பு! தம்பி படம் போட்டிருக்கிறான். வில் நன்றாக வந்திருக்கிறது. கீழ் விளிம்பில் நாலு குமிழி. ரெசின் மூன்று நிமிடத்தில் இறுகுவதாகப் போட்டிருக்கிறது, ஒன்றரை நிமிடத்திலேயே கெட்டியாகிவிடுகிறது என்கிறான். அறை 36 டிகிரி இருந்தால் அப்படித்தான். பாட்டில்களை ஃபிரிட்ஜில் வைத்து எடு. நேரம் கிடைக்கும்.

(10 நவம்பர் குறிப்பைப் படிக்காமல் இதைச் செய்யாதீர்கள்.)

28 ஜூலை

குமிழிக்கு இன்னொரு வழி. காய்ந்த அச்சுக்குள் முகப்பவுடரைத் தூவி, கவிழ்த்து நன்றாகத் தட்டிவிடு. கண்ணுக்குத் தெரியாத அளவு ஒட்டியிருந்தால் போதும். ரெசின் இடுக்குகளில் தானாக ஓடும். பவுடர் போடாவிட்டால் தாமரை இலைத் தண்ணீர் மாதிரி உருண்டு நிற்கும்.

திறந்த அச்சில் கொஞ்சம் தளும்ப ஊற்றி, பழைய ஓ.எச்.பி. ஷீட்டை (ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள்) ஓரத்திலிருந்து சாய்த்து மூடி அழுத்து. அதிகப்படி வழிந்துவிடும், முதுகு கண்ணாடி மாதிரி வரும்.

8 செப்டம்பர்

நேற்று விநாயகர் சதுர்த்தி. வீட்டில் கொழுக்கட்டை அச்சைத் தேடினார்கள். அது என் மேசையில் இருந்தது. அதன்மேல் நடந்த பேச்சுவார்த்தையை இங்கே எழுதுவதற்கில்லை. இனி சமையலறையிலிருந்து எதுவும் இந்த மேசைக்கு வராது. வந்தது எதுவும் திரும்பப் போகவும் கூடாது. ரெசின் பட்ட கரண்டி கரண்டியல்ல, புது அச்சே வாங்கிக் கொடுத்தாயிற்று.

ஆனால் அதை எதற்கு எடுத்தேன் என்பது முக்கியம். இரண்டு பாதி அச்சுக்கு அதைவிட நல்ல பாடம் இல்லை. இரண்டு பாதியும் சரியாகச் சேர ஒரு கீல், கீழே மாவு வைக்க ஒரு வழி, ஒட்டாமலிருக்க எண்ணெய். நமக்கும் அதே மூன்றுதான். கீலுக்குப் பதில் குழியும் முட்டும்: களிமண்ணில் மாஸ்டரைப் பாதி புதைத்துவிட்டு, சுற்றிலும் பேனா மூடியால் குழி போட்டால் அடுத்த பாதி அதில் தானாக உட்காரும். அப்புறம் ரெசினுக்கு ஒரு வாய், காற்றுக்கு ஒரு வழி. இணைப்புக் கோடு எங்கே வரவேண்டும் என்று களிமண் வைக்கும்போதே முடிவாகிவிடும். பின்னால் மாற்ற முடியாது. பெட்டிக்கு அடியில் தொங்கும் காற்றுக் கலனுக்கு நான் கோட்டை நேர் நடுவில் விட்டு, ஒவ்வொன்றையும் உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து உருளையை முட்டையாக்கினேன். பெட்டிப் பக்கம் திரும்பி நிற்கும் முதுகில் விட்டிருந்தால் தேய்க்கவே வேண்டாம்.

எண்ணெய் விஷயம். முதல் பாதி இறுகியபின் அதன்மேல் வாஸ்லின் தடவாமல் இரண்டாம் பாதியை ஊற்றினேன். சிலிகான் சிலிகானோடு ஒட்டும் என்று தம்பிக்கு எழுதிய ஆள் நான்தான். உள்ளே மாஸ்டரோடு ஒரு செங்கல் கிடைத்தது. பிளேடால் அறுத்துப் பிரசவம் பார்க்க வேண்டியதாயிற்று.

ஆக, வாஸ்லின் சொன்ன அந்தப் பெரியவருக்கு இந்த இடத்தில் மட்டும் மரியாதை.

6 அக்டோபர்

ஆயிரம் வருடத்துக்கு முன்பே நம் சுவாமிமலை ஸ்தபதிகள் இதைச் செய்துவிட்டார்கள் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அவர்கள் செய்வது இதைவிடப் பெரிய காரியம், ஆனால் இது அல்ல. மெழுகில் உருவம் செய்து, மேலே காவிரி வண்டல் பூசி, சூடாக்கி மெழுகை வடித்துவிட்டு உலோகம் ஊற்றுகிறார்கள். உலோகம் ஆறியதும் மண்ணை உடைத்துத்தான் சிலையை எடுக்க வேண்டும். மெழுகும் போச்சு, அச்சும் போச்சு. அடுத்த சிலைக்கு மறுபடி மெழுகிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். நம்முடையது அதற்கு நேர் எதிர்.

நமக்குச் சொந்தக்காரர்கள் பண்ருட்டியிலும் மதுரை விளாச்சேரியிலும் இருக்கிறார்கள். கொலு பொம்மைக்காரர்கள். முன்பாதி, பின்பாதி என்று இரண்டு அச்சு வைத்து, மண்ணை அமுக்கி, இரண்டையும் சேர்த்து எடுப்பார்கள். நேற்று எங்கள் வீட்டுக் கொலுவில் செட்டியாரைத் திருப்பிப் பார்த்தேன். காதுக்குப் பின்னால் இணைப்புக் கோடு ஓடுகிறது. முகத்தில் விடவில்லை பாருங்கள்.

10 நவம்பர்

ஐப்பசி மழை. தம்பியின் ரெசின் நுரைக்கிறது. அச்சுக்குள் ஊற்றியது சோடா மாதிரி பொங்கி ஓ.எச்.பி. ஷீட்டைத் தூக்கியிருக்கிறது. அறுத்துப் பார்த்தால் உள்ளே ரஸ்க் மாதிரி இருக்கிறதாம்.

இதில் பாதிப் பழி எனக்கு. பாலியூரித்தேனின் ஒரு பாட்டிலில் இருப்பது ஐசோசயனேட். அது தண்ணீரைக் கண்டால் கரியமில வாயுவை விடும். காற்றிலுள்ள ஈரமே போதும். ஜூலையில் ஃபிரிட்ஜில் வைத்து எடு என்றேன். குளிர்ந்த பாட்டிலைச் சென்னைக் காற்றில் திறந்தால் என்ன ஆகும் என்று யோசிக்கவில்லை. ஐஸ் தண்ணீர் டம்ளரின் வெளிப்புறம் வேர்க்குமே, அதே வேர்வை பாட்டிலுக்குள் இறங்கும். தம்பி நாலு மாதமாக அந்தப் பாட்டிலைத்தான் திறந்து மூடியிருக்கிறான். அது இனி தேறாது. புதிது வாங்கு, சின்ன பாட்டிலாக வாங்கு, மூடும்போது பக்கத்தில் சிலிகா ஜெல் பையோடு டப்பாவில் வை. மரக்குச்சி, காகிதக் கப்பு வேண்டாம், இரண்டும் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். பிளாஸ்டிக் போதும்.

வேடிக்கை என்னவென்றால் இதே ஈரத்தில் தகர சிலிகான் இன்னும் சீக்கிரம் இறுகும். ஐப்பசியில் அச்சு எடு, மாசி பங்குனியில் வார்ப்பு ஊற்று என்று பஞ்சாங்கமே போட்டுவிடலாம்.

11 நவம்பர்

விடியற்காலை ஐந்து மணிக்கு ஊற்றினால் குளுமையாக இருக்குமே என்கிறான். குளுமை சரி, ஆனால் காற்றில் ஈரப்பதம் மிக அதிகமாக இருப்பதும் அப்போதுதான். நானும் ஒரு வருடம் அந்தக் கூத்தை அடித்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

ஏ.சி. அறைதான் வழி. குளிர்வும் தரும், ஈரத்தையும் எடுக்கும். ஆனால் ரெசின் வாடையோடு அந்த அறையில் யாரும் படுக்கக் கூடாது. நான் மாஸ்க்கும் நைட்ரைல் கையுறையும் போட்டுக்கொண்டு உள்ளே கலக்கி ஊற்றிவிட்டு, உடனே அச்சை பால்கனிக்குக் கொண்டுபோய்விடுவேன். அப்புறம் ஜன்னல்களைத் திறந்துவிடுவேன். இறுகியதைத் தேய்ப்பதும் தண்ணீர் தொட்டுத்தான், தூசி பறக்கக் கூடாது.

ஃபைபர் கடையில் கிடைக்கும் பாலியெஸ்டர் ரெசின் மலிவு என்று இன்னொருவர். மலிவுதான். அந்த வாடை தெருமுனைவரை போகும், சுருக்கம் அதிகம், அச்சின் ஆயுளையும் பாதியாக்கும். அதோடு தரும் ஹார்ட்னரையும், இறுகலை முடுக்கும் கோபால்ட்டையும் ஒன்றோடொன்று நேராகக் கலக்கவே கூடாது, தீப்பிடிக்கும், வெடிக்கும். ஒன்றை ரெசினில் முழுக்கக் கலந்தபின்தான் மற்றது.

17 நவம்பர்

குமிழி போக, வீட்டுக் குக்கருக்குள் அச்சை வைத்துக் காற்றழுத்தம் ஏற்றலாமா என்று கேள்வி. எப்போது வரும் என்று காத்திருந்தேன்.

குமிழியை நசுக்க அச்சை அழுத்தக் கலனில் வைப்பார்கள், உண்மை. அந்தக் கலன்கள் 40, 60 பி.எஸ்.ஐ. தாங்கும்படி செய்தவை. வீட்டுக் குக்கர் 15 பி.எஸ்.ஐ.யில் விசில் அடிக்கும் பாத்திரம். வால்வை அடைத்துக் கம்ப்ரஸர் காற்றை ஏற்றினால் அது குக்கர் அல்ல, குண்டு. செய்யாதே. செய்துவிட்டு என்னிடம் சொல்லவும் செய்யாதே.

நிஜமான கலன் கிடைத்தாலும் ஒன்று கவனி. சாதாரணக் காற்றில் எடுத்த அச்சின் சிலிகானுக்குள்ளேயே குமிழிகள் இருக்கும். அழுத்தத்தில் அவை நசுங்கும், சுவர் உள்வாங்கும், அந்த இடத்தில் வார்ப்பில் பரு கிளம்பும். அச்சையும் அழுத்தத்திலேயே இறுக வைத்திருக்க வேண்டும். நான் ஆறு மாதம் பரு எடுத்துக்கொண்டிருந்தேன், மாஸ்டரில் தூசி என்று நினைத்து.

24 நவம்பர்

24 என்ற எண்ணுக்கு வருவோம். ஒவ்வொன்றாக ஊற்றினால் 24 முறை கலக்க வேண்டும், அச்சும் 24 முறை அடி வாங்கும். அதற்குப் பதில், மாஸ்டரிலிருந்து எடுத்த அச்சைத் தாய் அச்சாக வைத்துக்கொள். அதில் வந்த நல்ல வார்ப்புகளில் நாலைப் பொறுக்கி, குமிழி அடைத்து, மெருகேற்றி, நாலையும் வரிசையாக வைத்துப் புது அச்சு எடு. ஆறே முறை ஊற்றினால் 24. தாய் அச்சைப் பவுடர் போட்டுத் துடைத்து இருட்டில் வைத்துவிடு, பிள்ளை அச்சு செத்தால் மறுபடி பெறும்.

இதில்தான் சுருக்கம் வருகிறது. தகர சிலிகான் அரை சதவீதம் சுருங்கியது என்று வைத்துக்கொள். ஐ.சி.எஃப். போகியின் சக்கர இடைவெளி 2896 மி.மீ., எச்.ஓ.வில் 33.3 மி.மீ. முதல் அச்சில் 0.17 போகும், இரண்டாவதில் இன்னொரு 0.17. அடடா என்று முதலில் பயந்தேன். அப்புறம் யோசித்தால், இரண்டு பக்கச் சட்டமும் ஒரே மாதிரி சுருங்குவதால் ஆக்சில்கள் கோணாது. பெட்டியும் ஓடும், யாருக்கும் தெரியாது. பெட்டியின் முகப்புத் தட்டை இப்படி எடுத்தால்தான் வம்பு. அகலம் 3245, அதாவது 37.3 மி.மீ. இரண்டு தலைமுறையில் 0.37 குறைந்தால் பக்கச் சுவரோடு சேருமிடத்தில் பல் இடுக்கு தெரியும். முகப்புத் தட்டுக்கு மட்டும் பிளாட்டினத்துக்குப் போ, அல்லது மாஸ்டரை அந்த அளவு பெரிதாகவே வெட்டு.

25 நவம்பர்

0.17-க்குக் கவலைப்படும் நீங்கள் 16.5 மி.மீ. தண்டவாளத்தில் ஓட்டுகிறீர்களே என்று சரியான குத்து விட்டிருக்கிறார் ஒருவர். 16.5 என்பது 1435 மி.மீ. பாதைக்கு உரிய அளவு. நம் அகலப்பாதை 1676. கணக்குப்படி 19.3 வேண்டும். கிட்டத்தட்ட 2.8 மி.மீ. ஒல்லியான பாதையில்தான் என் ரயில் ஓடுகிறது. கடையில் கிடைக்கும் தண்டவாளம், பாயின்ட், சக்கரம் எல்லாம் அதற்கு இருக்கிறது, 19.3-க்கு நானே ஒவ்வொரு ஸ்லீப்பர் கட்டையாக ஒட்ட வேண்டும். பக்கவாட்டிலிருந்து பார்த்தால் தெரியாது. முன்னாலிருந்து பார்ப்பவர்களை நான் வீட்டுக்குக் கூப்பிடுவதில்லை.

8 டிசம்பர்

ஃபெஞ்சல் புயல் கரை கடந்த வாரத்தில் மின்சாரம் இல்லை, ஏ.சி. இல்லை, ரெசின் இல்லை. சும்மா உட்கார்ந்திருந்தபோது நியூ ஆவடி ரோடு ரயில் அருங்காட்சியகத்தில் எடுத்த பழைய படங்களைப் பார்த்தேன். பெட்டிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து போகியை மட்டும் படமெடுத்தால் காவலாளிகள் ஒரு மாதிரி பார்ப்பார்கள். 1955-இல் ஸ்விட்சர்லாந்தின் ஷ்லீரன் கம்பெனி வடிவமைப்போடு பெரம்பூரில் ஐ.சி.எஃப். ஆரம்பித்தது, 2018 ஜனவரியில் இந்தப் பழைய ரகப் பெட்டி கட்டுவதை நிறுத்திவிட்டார்கள். வில்லியனூரோ விருத்தாசலமோ, எந்த ஸ்டேஷனிலும் நாம் சின்ன வயதில் பார்த்த அந்த வில்லும் ஹேங்கரும் இனி குறைந்துகொண்டேதான் போகும்.

ஒரு மாடல் கம்பெனியின் போகியை வாங்கி அதையே அச்சு எடுத்துவிடலாமே என்று கேட்டவருக்கு: உன் பெட்டியில் உடைந்த ஒரு துண்டுக்குப் பதில் ஒன்று எடுத்தால் யாரும் கேட்கப்போவதில்லை. எடுத்து விற்காதே. மாஸ்டர் செய்ய 11 நாள் ஆகும் என்பது இங்கே ஒருவனுக்குத் தெரியும், அவனைக் கேள்.

5 ஜனவரி 2025

பிள்ளை அச்சில் நாலாவது ஊற்று வரை 16-உம் சுகம். ஐந்தாவதில் மூன்றாம் குழியின் வில் இடுக்கில் சிலிகான் நாக்கு அறுந்துவிட்டது. படம் பார்த்தேன். நாலு வார்ப்பை மெருகேற்றும்போது அந்த ஒன்றில் மட்டும் வில்லுக்குப் பின்னால் அடைத்ததைக் குடைந்து எடுத்திருக்கிறாய், இல்லையா? அழகாக இருக்கட்டும் என்று?

தாய் அச்சுக்குப் போகாதே. அந்தக் குழியை விட்டுவிட்டு மீதி மூன்றில் ஊற்று.

13 ஜனவரி, போகி

போகி அன்று போகி முடிந்தது. விட்டுவிடச் சொன்ன குழியிலும் சேர்த்தே ஊற்றியிருக்கிறான்: எட்டு முறை ஊற்றி 32. அறுந்த குழியில் வந்தது 4, குமிழியில் போனது 4, தேறியது 24. இதில் கையால் செய்த மாஸ்டரைச் சேர்க்கவில்லை, அதைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கப் போகிறானாம்.

பழையது என்று அந்த எட்டையும் இன்று தெருவில் கொளுத்திவிடாதே தம்பி, பாலியூரித்தேன் புகை ஆகாது. எனக்குத் தபாலில் போடு. என் யார்டில் ஷெட்டுக்குப் பின்னால் காலி இடம் இருக்கிறது. துருப்பிடித்த போகிச் சட்டங்கள் புல்லுக்குள் சாய்ந்து கிடந்தால் நன்றாக இருக்கும். வில் அறுந்த நாலையும் மேலே தெரியும்படி வைக்கிறேன்.